நீலப்பூ உறை

"இதுல எது உங்களுது?"

கடைக்காரர் கேட்டதும் தையற்காரர் அண்ணாந்து பார்த்தார். கிடங்குச் சுவரோரம் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முக்கால்வாசிக்கு நீலப்பூ போட்ட உறை. அத்தனையும் அவர் கையால் தைத்தது.

தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் அவர் வீட்டுக்குத்தான் வந்தது, மகள் படிப்புக்காக. தூசி படக்கூடாதென்று மனைவி துணி தேர்ந்தெடுத்தாள். அவர் உறை தைத்தார். அடுத்த வருடம் எதிர்வீட்டில் வாங்கினார்கள். அதே உறை வேண்டும் என்றார்கள். பிறகு மாடி வீடு, டியூஷன் டீச்சர், பக்கத்துத் தெரு. அந்தத் துணியையே மொத்தமாக வாங்கிப் போட்டார். எல்லாப் பெட்டியும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே மாதிரி. அளவெடுக்கும் வேலைகூட இல்லை. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் லேப்டாப் வந்தது. அதற்கு யாரும் உறை கேட்கவில்லை. பழையதெல்லாம் எக்சேஞ்சில் இங்கே வந்து சேர்ந்தது.

இன்று காலை, அவருக்குத் தெரியாமல், அவருடையதும். மதியம் சாப்பிட வந்தவரிடம் மகள் புது லேப்டாப்பை நீட்டினாள்.

"தெனமும் ஆன் பண்ணி உடனே ஆஃப் பண்றீங்களேப்பா. கெட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சேன்!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்திருந்தார்.

பெட்டி உயிர் பெறும்போது வரும் இசையை எடுத்துவிட்டு, ஒரு விடுமுறையில் மகள் விளையாட்டாக அம்மாவின் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். 'வந்துட்டீங்களா? மொதல்ல கையக் கழுவுங்க.' மனைவி போய்ச்சேர்ந்து ஐந்து வருடம். மகள் அதை மறந்தே போனாள். அவர் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பார். வேறெங்கும் அந்தக் குரல் இல்லை.

"நாலு மணிக்கு லாரி வந்துரும் பெரியவரே. காலையில வந்ததையும் சேத்துக் கலைச்சு அடுக்கிட்டோம். காயலான் கடைக்குப் போனா எல்லாத்தையும் நொறுக்கிடுவாங்க."

"ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கலாமா தம்பி?"

"செருப்பத் தொலைச்சவர் மாதிரி எல்லாத்துலயும் கால விட்டுப் பாக்கப் போறீங்களா? நாப்பது இருக்கு!" சிரித்த கடைக்காரர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஸ்பீக்கரும் ஒயரும் எடுத்து வந்தார்.

முதல் பெட்டி: அதே பழைய இசை. இரண்டாவது: அதே இசை. மூன்றாவது மூச்சே விடவில்லை. ஒவ்வொன்றும் விழிப்பதற்குள் அவருக்கு வியர்த்து வழிந்தது. பதினேழாவதில் மகள் வந்து நின்றாள். அவர் திக்கித் திணறிச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லியிருக்கலாமேப்பா..."

"எப்படிம்மா சொல்றது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறைகளை உருவ ஆரம்பித்தாள்.

முப்பத்து நான்காவதும் இசைதான். வாசலில் லாரி பின்னோக்கி வரும் சத்தம். இரண்டு பேர் இறங்கி, அடுக்கின் மறுகோடியிலிருந்து பெட்டிகளைத் தூக்கி எறியத் தொடங்கினார்கள்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம்!" என்று கடைக்காரர் அவர்களை மறித்தார்.

தையற்காரர் அடுத்த பெட்டியின் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தூசியில் கறுத்துப்போன கைகளை அவர் அவசர அவசரமாகச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.