இடது கைக் காப்பு

போன வருஷம் வெள்ளையம்மாவுக்கு ஊசி குத்தும் வலது கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. டயாலிசிஸ் செய்ய மாசக்கணக்கில் கழுத்தில் குழாயைச் சொருகி வைத்திருந்தார்கள். பிறகு இடது மணிக்கட்டுக்கு மேலே ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து, ஊசி குத்தப் புதுவழி செய்தார்கள். இதுவாவது நிலைக்கட்டும் என்று அவள் ரெங்கம் ஊர் முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.

மலேசியாவில், குளுவாங் டவுனில் அவள் போகும் டயாலிசிஸ் நிலையத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளே தினமும் தொட்டுப் பார்த்தால் அடைப்பை முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்களாம். அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி வசந்தினி, வெள்ளையம்மாவின் விரலைப் பிடித்துத் தையலின் மேல் வைத்தாள். தோலுக்கடியில் மிஷின் ஓடுவது மாதிரி அதிர்ந்தது.

"இது நின்னா உடனே எனக்கு போன் அடிக்கணும், சரியாம்மா?"

தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டினார்கள். பெண்களுக்கு இடது கை. பூசாரி மஞ்சள் கிழங்கை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். சாமி காரியத்தில் இறுக்கம் என்று குறை சொல்லலாமா என்று அவளும் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை தொட்டுப் பார்த்தாள். அதிர்வே இல்லை, கை மரக்கட்டையாகக் கிடந்தது.

"கையில ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா?" என்றாள் வசந்தினி போனில்.

"காப்பு, மிஸ்ஸி."

"அலமாக்! அத வெட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்."

புருஷன் அய்யாவு கத்திரிக்கோலோடு வந்தார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"பால்குடம் எடுக்காம காப்ப வெட்டுனா முருகன் சும்மா விடுவாரா? இந்தக் கைக்காகத்தானே நேர்ந்துகிட்டேன்!"

"கோவம் வந்தா எங்கிட்ட வரட்டும். வெட்டுறது நாந்தானே. கைய நீட்டு லா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

ரத்தக்கட்டியை எடுத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. சீக்கிரம் வந்ததால் குழாய் பிழைத்தது என்றார் டாக்டர். பார்க்க வந்த வசந்தினி கட்டிலோரம் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாட்ச் கட்டாதீங்க, வளையல் போடாதீங்கன்னு எல்லாருக்கும் சொன்னோம். காப்பு ஞாபகமே வரலம்மா. நானே வருஷா வருஷம் கட்டுறவ!"

கையில் அதிர்வு திரும்பிவிட்டது. வெள்ளையம்மாவுக்கு மனசு மட்டும் ஆறவில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காமல் அய்யாவு கோயிலுக்குப் போய்த் தன் வலது கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். கோழி இல்லாமல் சோறு இறங்காத மனுஷன்.

பூசத்தன்று குடம் அவர் தலையில். பக்கத்திலேயே நடந்தாள் அவள்.

"ஆடாம நடங்க. பால் சிந்துது பாருங்க."

"பேசாம வா. நேர்த்தி உன்னுது, கழுத்துவலி என்னுது."