மூன்றாவது பெயர்

வெள்ளிக்கிழமைக் கோயில் வரிசை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. சேர்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அருச்சனைக்குக் காசு கட்டி எடுத்த துண்டையும் தட்டையும் பிடித்தபடி நின்றேன். முழங்கால் வேறு விண் விண் என்று குத்தியது. இது என்னுடைய வேலையே அல்ல. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்தப் பிள்ளையாருக்குத் தட்டுக் கொண்டுவருகிறவள் என் மனைவி தங்கரத்தினம். திங்கட்கிழமை அவளுக்குக் கர்ப்பப்பை ஒப்பரேசன். இரத்தத்தில் சீனி இறங்கட்டும் என்று நேற்றே ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவிட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கிழமை அருச்சனைக்கு நீங்கள் போங்கோ. மூண்டு பேரின்ட பெயரையும் சொல்லுங்கோ," என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னாள்.

மூன்று பேர் என்றால் நான் யோகலிங்கம், அவள், எங்கள் ஒரே மகன் சிவரூபன்.

சிவரூபன் எங்கே என்று எனக்குத் தெரியாது. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடம், ஆஸ்திரேலியா போகிறேன் என்று ஒரு மீன்பிடிப் படகில் ஏறினான். பிறகு ஒரு போன் கோல் இல்லை. படகும் இல்லை, அதில் போனவர்களும் இல்லை. நான் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. களைத்துப் போனேன், அவ்வளவுதான்.

போன கிழமை தம்பலகாமத்திலிருந்து தங்கரத்தினத்தின் தம்பி இராசையா வந்தான். அவளுக்குக் கேட்காமல் வாசல் கேற்றடியில் வைத்துச் சொன்னான்.

"அத்தான், கோவிக்காதேங்கோ. தர்ப்பையில உருவம் செய்து எரிச்சு, அந்தியேட்டிக் கிரியையை முடிப்பம். அவன்ட ஆத்மாவாவது ஆறட்டும். அக்கா அருச்சனையில அவன்ட பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தா எப்பிடிச் செய்யிறது? உயிரோட இருக்கிற ஆக்களின்ட பெயரைத்தானே அதில சொல்லுறது?"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனம் மட்டும் ஓம் பக்கம் சாய்ந்துவிட்டது. எத்தனை நாளைக்கு ஒரு மனுசன் கேற் சத்தத்துக்கு எழும்பி எழும்பிப் பார்ப்பது?

எனக்குப் பிள்ளையாரோடும் கோபம், அவளோடும் கோபம். மகன் ஏ.எல். சோதினை பாஸ் பண்ணியபோது பிள்ளையாருக்குப் பொங்கினாள், துறைமுகத்தில் வேலை கிடைத்தபோதும் பொங்கினாள். சரி, அது சந்தோசக் காலம். அவன் போன பிறகும் அதே தட்டு, அதே தேங்காய் என்றால்? "பிள்ளையார் எங்களோடதான் நிக்கிறார்," என்பாள். நின்று என்னத்தைக் கிழித்தார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

என் முறை வந்தது. "பெயர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"யோகலிங்கம், சுவாதி. தங்கரத்தினம், ரோகிணி."

ஐயர் தட்டோடு கொஞ்சம் தாமதித்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

மத்தியானம் வாட்டுக்குப் போனதும் அவள் முதலில் கேட்டது அதைத்தான். "அவன்ட பெயரையும் சொன்னனீங்களோ?"

"இல்லை. எனக்கு ஏலாது தங்கம். இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாத பிள்ளையின்ட பெயரை எந்த வாயால சொல்லுறது?"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். தங்கம் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நான் கொண்டுபோன விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டாள்.

"நானும் சொல்லுறேல்லை," என்றாள்.

"என்ன?"

"ஒரு வருசத்துக்கு மேல. உங்கட பெயர் சொல்லுவன், என்ட பெயர் சொல்லுவன். அவன்ட பெயருக்குத் தொண்டை அடைச்சுப்போடும். சும்மா நிண்டிட்டு வருவன். ஐயரும் கேக்கிறேல்லை."

கட்டிலடியில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒருத்தி நம்புகிறாள் என்ற தைரியத்தில்தானே நான் இவ்வளவு காலமும் நம்பாமல் இருந்தேன்!

"அப்ப என்னத்துக்குக் கிழமைக்குக் கிழமை போனனீர்?"

"வேற எங்க போறது? சந்தோசத்திலயும் அங்கதான் நிண்டனான். நான் சொல்லாட்டியும் பிள்ளையாருக்குத் தெரியும்தானே எண்டு நிண்டனான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா கத்தி வைக்க முதல் ஆராவது ஒருக்கா அவன்ட பெயரைச் சொன்னா நல்லாயிருக்கும்போல கிடந்தது. நீங்கள் சத்தமாக் கதைக்கிற ஆள். அதான் அனுப்பினனான்."

பின்னேரப் பூசைக்கு மறுபடியும் போனேன். புதுத் துண்டு, புதுத் தேங்காய்.

"காலமையும் வந்தனீங்கள்," என்றார் ஐயர்.

"ஓம். ஒரு பெயர் விட்டுப்போச்சு."

தொண்டை அடைத்தது. அவள் சொன்னது பொய்யில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், எனக்குக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்: "சிவரூபன், பூசம்."

ஐயர் உள்ளே திரும்பி, மந்திரத்தோடு அந்தப் பெயரைச் சொன்னார். என் கோபம் தீரவில்லை. கோபத்தோடேயே கும்பிட்டேன்.

அடுத்த நாள் வாட்டில் கேட்டாள்: "சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"சத்தமாயோ?"

"வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிறவனுக்கும் கேட்டிருக்கும்."

சிரிக்கத் தொடங்கித்தான் அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. இராசையாவின் கோல் வந்து வந்து நின்றது, நான் எடுக்கவில்லை.

"வாற வெள்ளியும் எனக்கு எழும்ப ஏலாது," என்றாள்.

"மூண்டு பேர்தானே," என்றேன்.