மூன்று முறை தைத்த திரை

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் தையலில் குறை கண்டுபிடிக்கிறவன் நான். கேவலம் ஒரு குளியலறைத் திரை என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது.

என் மனைவி அம்பிகாவுக்கு வேலூரில் முழங்கால் ஆபரேஷன். வாக்கரோடு குளியலறைக்குள் நுழையக் கதவு இடித்ததால் ஆசாரியை வைத்துக் கழற்றிவிட்டேன். இப்போது ஹாலில் யார் உட்கார்ந்தாலும் குளியலறை தெரியும். பன்னிரண்டு நாளாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தையல் பிரித்த டாக்டர் குளிக்கலாம் என்றதிலிருந்து ஷவருக்கு ஏங்கினாள். ஆனால் மறைப்பு இல்லாமல் உள்ளே காலடி வைக்க மாட்டேன் என்றாள். பஜாரில் பிளாஸ்டிக் திரை தொங்குகிறதே, ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்று நாலு முறை சொன்னாள். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவைப் பாஸ் பண்ணுகிறவன் வீட்டில் பிளாஸ்டிக்கா?

மயில் நீலத்தில் பூப்போட்ட துணி வாங்கினேன். சனிக்கிழமை முழுக்க அம்பிகாவின் தையல் மெஷினோடு மல்லுக்கட்டினேன். மேலே வளையம் கோக்கிற மடிப்பு, அதன் மேல் சுருக்கம் வைத்த ஃபிரில். அந்தக் கனத்தில் ஊசி படக்கென்று உடைந்தது. டப்பாவில் லெதர் ஊசிதான் இருந்தது. துணி ஊசி துணியின் இழையை விலக்கிக்கொண்டு போகும், லெதர் ஊசி அறுத்துக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமைதான் ஷூவின் உள்பக்கத் துணி லைனிங்குக்கு லெதர் ஊசி போட்டாள் என்று, கம்பெனியில் தைக்கிற அமிர்தவள்ளியின் முப்பது ஜோடியைத் திருப்பி அடித்தேன். ஊசி பார்த்துப் போடத் தெரியாதவளுக்கு மெஷின் எதற்கு என்று தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அது கம்பெனி, இது வீடு என்று மாட்டிவிட்டேன்.

ஃபிரில் கோணியது. பிரித்தேன். மறுபடி கோணியது. எரிச்சலில் மூன்றாவது முறையும் அதே கோட்டில் ஓட்டினேன். தோலில் பிரித்தால் ஓட்டை அப்படியே நிற்கும், துணியில் அந்தத் தொல்லை இல்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

ஞாயிறு காலை திரையை மாட்டினேன். அழகாகத்தான் இருந்தது. அம்பிகா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஷவரைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, உடம்பு விசாரிக்கக் கம்பெனி லைனிலிருந்து நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஆண்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக அமிர்தவள்ளியும் வந்திருந்தாள். திரைதான் இருக்கிறதே, உட்காரச் சொல்லுங்கள் என்று உள்ளிருந்து அம்பிகாவே குரல் கொடுத்தாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. நனைந்து கனத்த திரை முதல் வளையத்துக்குக் கீழே தையல் கோட்டிலேயே டர்ரென்று கிழிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஃபிரில் மட்டும் கம்பியில் நிற்க, திரை இறங்கியது. ஓடிப்போய்த் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஆண்களை வெளியே போகச் சொன்னேன். உள்ளே அம்பிகா அழுதுவிடுவாள் போலிருந்தது. "கைய இறக்கிடாதீங்க, சோப்பு கூட போகல" என்றாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அமிர்தவள்ளி கிட்டே வந்தாள். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். எவ்வளவு கத்தினாலும் தகும் என்று நின்றேன். அவள் கத்தவில்லை.

"லெதர் ஊசியா சார்?"

தலையாட்டினேன். "விடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க வெளிய போங்க" என்று துணியை வாங்கிக்கொண்டாள்.

அவள் கையில் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலில் நின்றேன். உள்ளே பேச்சு கேட்டது.

"பிளாஸ்டிக்கே போதும்னு தலபாடா அடிச்சிக்கினேன். இந்த மனுசன் காதுலயே வாங்கல."

"அங்கயும் அப்படித்தாங்கா. அன்னிக்கு துணி ஊசி ஸ்டாக் இல்ல, இன்னா செய்யட்டும்னு மூணு வாட்டி கேட்டேன். காதுலயே வாங்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்பிகா சிரித்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். அமிர்தவள்ளி மூன்று முறை கேட்டது உண்மை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பஜாருக்கு நடந்தேன். பிளாஸ்டிக் திரை ஒன்று, துணி ஊசி இரண்டு பாக்கெட். ஒன்று வீட்டுக்கு.