ஷிஹாத்தாவின் பேரில் ஒரு தீர்ப்பு

மீன்பிடிப் படகின் தலைவர் ரயிஸ் மெத்வல்லி இறந்து நாற்பது நாள் கழிந்ததும் அவர் மகள் சுஹேர் வீட்டை விற்கப் பார்த்தாள். விலை படிந்து முன்பணம் கைமாறும் நேரத்தில் வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். வீட்டின் மேல் ஜப்தி உத்தரவு இருந்தது.

அவள் அறியாத உத்தரவல்ல அது. இருபது வருடமாக, ஆண்டுக்கொரு முறை கோர்ட் அமீனா வாசலில் நின்று தெருவே கேட்கும்படி அதை வாசித்துவிட்டுப் போவார். ரயிஸின் படகு மூழ்கியபோது இறந்த ஷிஹாத்தாவின் மனைவி பஹீகாவுக்குச் சேரவேண்டிய நஷ்டஈடு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ரயிஸ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிடுவார். வெளியே வரும்போது உடுப்பெல்லாம் நனைந்திருக்கும். கையில் காசு புழங்கிய காலத்திலும் அவர் கட்டவில்லை. “கட்டினா நான் கொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்பார்.

இப்போது அவர் இல்லாத வீட்டில், பட்டப்பகலில், குழாய் ஓடும் சத்தம் சுஹேருக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். ஒருநாள் அவளையும் அறியாமல் கதவைத் தட்டி, “அப்பா, போதும், வெளிய வாங்க” என்று சொல்லிவிட்டாள். தன் குரலைத் தானே கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போனாள். குமாஸ்தா கூட்டிச் சொன்னார்: அசல் இருபதாயிரம் பவுண்டு, இருபது வருட வட்டி பதினாறாயிரம், வக்கீல் பீஸும் கோர்ட்டுச் செலவும் மூவாயிரம். தன் வளையல்களை விற்று, மூன்றையும் மூன்று உறைகளில் போட்டுக்கொண்டு பஹீகாவின் வீட்டுக்கு நடந்தாள்.

பஹீகா முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. நிமிர்ந்து பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டாள்.

“மெத்வல்லி மகளா? அமீனாவ அனுப்பினா நீங்க வந்து நிக்கிறீங்க. உலகம் தலைகீழாயிடுச்சா?”

“முழுசும் கொண்டாந்திருக்கேன் அக்கா. பைசல் ஆயிடுச்சுன்னு ஒரு கைநாட்டு வச்சுக் குடுங்க.”

பஹீகா உறைகளை வாங்கிப் பார்த்தாள். “அசல் என் மகளுக்கு. அவ அப்பன் முகத்தப் பாக்காதவ. பீஸும் என்னோடது, வக்கீலுக்குன்னு என் கொலுச வித்தேன். இந்த வட்டி எனக்கு வேணாம், மார்க்கத்துல ஆகாத ஹராம் காசு. வட்டியச் சேத்து வக்கீல்தான் எழுதினான், நான் கைநாட்டு வச்சேன். எடுத்துட்டுப் போ.”

“அப்புறம் ஏன்க்கா வருஷா வருஷம் அமீனாவ அனுப்பினீங்க?”

“உங்கப்பன் அந்தப் பேர மறந்துடக் கூடாதுன்னுதான்.” ஊசியை வலையில் குத்தி நிறுத்தினாள். “ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்கு என் புருஷன் மேலயும் கோவந்தான். படகுல தண்ணி எறைக்கிற பம்ப்பு நல்லாத்தான் இருக்கு, போலாம்னு அவனே சொன்னானாமே? பாதித் தப்பு அவன் பேர்லன்னு ஜட்ஜு தொகையப் பாதியாக் கொறச்சாரு. நான் மாசமா இருக்கறப்ப என்னடா பெரிய வீரம்னு இத்தன வருஷமா அவனத் திட்டிட்டே படுக்கிறேன்.”

சுஹேர் உறைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

“அவரு அப்படிச் சொல்லலக்கா.”

“என்னது?”

“படகு முழுகினதுக்கு முந்தின நாள் எங்க வீட்டு வாசல்ல நின்னு, ‘ரயிஸ், பம்ப்பு வேல செய்யல, நாளைக்கு வேணாம்’னு கெஞ்சினாரு. ‘பயமா இருந்தா பொண்டாட்டி பக்கத்துல போய் உக்காரு’ன்னு அப்பாதான் சொன்னாரு. எனக்கு அப்போ பதினாலு வயசு. ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். கோர்ட்ல அப்பா மாத்திச் சொன்னதும் தெரியும். நான் வாயே திறக்கல.”

பஹீகா எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று சுஹேர் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பஹீகா சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். “என்னை மன்னிச்சிடுய்யா, ஷிஹாத்தா” என்று முணுமுணுத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“கைநாட்டு வைக்கிறேன். முதல்ல என்கூட வா.”

துறையோரக் காப்பிக்கடை நிறைய மீனவர்கள் இருந்தார்கள். பொம்பளைகள் நுழையாத இடம். பஹீகா நேரே நடுவில் போய் நின்றாள். “படகக் கவுத்தவன் பொண்டாட்டின்னு என்னைப் பேசினவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. நீ சொல்லுடீ.”

சுஹேர் சொன்னாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. தாயக்கட்டை உருட்டியவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒரு கிழ மாலுமி எழுந்து, “அல்லாஹ் ஷிஹாத்தாவுக்கு இரங்கட்டும்” என்றார். ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். ரயிஸ் மெத்வல்லிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சுஹேரைப் பார்த்துக்கூட யாரும் பேசவில்லை.

அந்த வாரமே ஜப்தி நீங்கியது; வீடும் விலைபோனது. சுஹேர் ஊரை விட்டுத் தமியாத்தா நகரத்துக்குக் குடிபோனாள். வட்டிப் பணம் இருந்த உறை மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. செலவழிக்க மனம் வரவில்லை. பள்ளிவாசல் உண்டியலில் போட இரண்டு முறை எடுத்துப் போய், இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டாள்.