குறையாத வாழைக்குலை

பட்டினியைப் பற்றி யூலிற்றாவுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள். எல்லாம் தெரியும் என்ற அந்த நினைப்புத்தான் குடியைக் கெடுத்தது.

மகள் யூலியானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஒருமுறை ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவள். அதனால், பெரிய வெள்ளிக்குப் பச்சைத் தண்ணீரோடு ஒருசந்தி நோன்பு இருக்கப்போவதாகப் பிள்ளை அடம்பிடித்தபோது, வியாழன் பின்னேரமே யூலிற்றா ஊசியை நிறுத்திவிட்டாள். சாப்பாடே இல்லை, சீனி எங்கிருந்து ஏறும்?

சிலுவைப்பாதை முடிந்து வந்த பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள், பாயில் சுருண்டாள். வெயில்தான் என்று நினைத்து நெற்றியைத் தொடக் குனிந்த தாய்க்கு, மூச்சில் கனிந்த பழ வாசம் அடித்தது. உயிர்ப்பு ஞாயிறுக்கென்று குசினியில் தொங்கவிட்ட வாழைக்குலை ஞாபகம் வந்தது. ஆத்திரம் பற்றிக்கொண்டது.

“ஆண்டவற்றை நாளிலை ஒளிச்சுப் பழம் திண்டனியோடி?”

“இல்லையம்மா... தண்ணிதான் குடிச்சனான்.”

“வாய் மணக்குது, கள்ளி! பேசாமல் படு.”

படுத்தவள் எழும்பவில்லை. பொழுதுபட மூச்சு இழுத்து வாங்கத் தொடங்கியது. தகப்பன் மரியநேசன் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினான்.

“ஊசியை ஏனம்மா நிப்பாட்டினீங்கள்?” என்றார் டொக்டர்.

“அவள் சாப்பிடேல்லைத்தானே, டொக்டர்...”

“சாப்பிடாட்டிலும் ஈரல் சீனியை விட்டுக்கொண்டுதான் இருக்கும். இரத்தம் முழுக்கச் சீனி, ஆனால் இன்சுலின் இல்லாமல் அது உடம்பிலை இருக்கிற கலங்களுக்குள்ளை போகாது. கலங்கள் பட்டினி. உடம்பு தன்ரை கொழுப்பை எரிக்கத் தொடங்கும். எரிய எரிய இரத்தத்திலை அமிலம் ஏறும். மூச்சிலை பழ மணம் வாறது அதாலைதான்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் யூலிற்றாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிவதற்குள் யூலியானா போய்விட்டாள்.

பிள்ளைக்குப் போட வெள்ளைச் சட்டை எடுக்க யூலிற்றா வீட்டுக்கு வந்தாள். குசினியில் குலை கட்டினபடியே தொங்கியது. ஒரு பழமும் குறையவில்லை. நேற்று எட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். குலைக்குக் கீழே வெறுந்தரையில் குந்தியிருந்து, கேட்க ஆளில்லாத வீட்டில், “நீ திண்ணேல்லையடி, நீ திண்ணேல்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.