கேமராவைப் பார்த்த பலகை

என் கணவரின் தம்பிக்கு வீட்டில் மந்திரி என்று பெயர். கையில் ஒரு துறையும் இல்லாமல் எல்லாத் துறை பற்றியும் அறிவிப்பு விடுவதால் கிடைத்த பட்டம். அவன் வேலையை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில், அலமாரி, மடக்கு மேஜை எல்லாம் பொருத்தி, ‘கம்பி வேண்டாத வாழ்க்கை’ என்று யூடியூப் சேனல் தொடங்கியபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு நாள் ஏன் தாமதித்தான் என்றுதான் நினைத்தோம்.

சேனலின் கொள்கை எளிது. மின்கம்பத்திலிருந்து வரும் கரண்ட்டைத் தொடாமல் ஊர் ஊராகச் சுற்றுவது. சூரியன் கொடுக்கும், சோலார் பேனல் வாங்கும், பவர் ஸ்டேஷன் என்ற பெட்டி சேர்த்து வைக்கும். பெட்டிக்கு மேலே கைப்பிடி, முன்னால் வரிசையாகப் பிளக் பாயின்ட்கள், நடுவில் ஒரு சின்னத் திரை. எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, மிச்சம் எவ்வளவு என்பதை அந்தத் திரை எண்ணில் காட்டும். இட்டுக்கட்டிப் பேசத் தெரியாத திரை. என் புகுந்த வீட்டில் அப்படி ஒன்றை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

நானும் என் கணவரும் அவனோடு வேனில் கிளம்புவதற்கு முந்தின நாள், எங்கள் வாஷிங் மெஷினின் பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அதன் இடத்தில் மந்திரியின் பெட்டி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தது.

“என்னப்பா, சூரியன் நம்ம குளியலறைக்குள்ள வந்துட்டாரா?” என்று கேட்டேன்.

“இது அடிப்படை நிரப்பு அண்ணி. இதை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க.”

வாஷிங் மெஷினுக்குள் ஊறிக்கொண்டிருந்த துணியையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான்தான் கையால் அலசினேன்.

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். எனக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர் இடம் இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும், நான் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களே அதில் போய் உட்கார்ந்தார்கள். அதனால் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். அவர்கள் வைத்த ஆன்லைன் இன்டர்வியூ பயணத்தின் இரண்டாம் நாள் மதியம் வந்து விழுந்தது. நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். மந்திரிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

“என் வண்டியில ஒரு ஆபீஸே நடத்தலாம் அண்ணி! உங்க லேப்டாப் எல்லாம் இந்தப் பெட்டிக்குக் கொசு. நீங்க இன்டர்வியூ முடிச்சுட்டு இறங்குனீங்கன்னா, நம்ம வண்டிக்கே அது ஒரு சர்டிபிகேட்.”

என் லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. பிளக்கில் இருக்கும்வரை ஓடும், பிடுங்கினால் கண்ணை மூடும். அதையும் அவனிடம் சொன்னேன். அவன் கையை உயர்த்தி அபயம் கொடுத்தான். என் கணவர், “அதான் சொல்றான்ல, வாம்மா” என்றார். போனேன்.

வேன் போய் நின்ற இடம் ஒரு நீர்த்தேக்கத்தின் கரை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு கம்பி இல்லை. மலை முகட்டில் செல்போன் டவர் மட்டும் இருந்தது. அதுவும் கம்பியில்தான் ஓடுகிறது, அது இல்லாமல் கம்பி வேண்டாத வாழ்க்கையை யாரும் பார்க்க முடியாது என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போயிருக்கிறோம் என்று ஒரு மரியாதை.

மறுநாள் காலை காபி மெஷின் உறுமியது. பிறகு டிரோனின் பேட்டரிகள் சார்ஜ் ஏறின. பிறகு ஹேர் டிரையர். காட்டில் காற்று கலைத்துவிட்டதுபோல் முடி இருக்க வேண்டுமாம். நிஜக் காற்று கலைத்தால் அது ஒரு பக்கமாகப் படிந்துவிடுகிறதாம். ஆகவே கண்ணாடி முன்னால் நின்று அவனே கலைத்துக்கொண்டான். பெட்டியின் திரையில் மிச்சம் பாதிக்குக் கீழே இறங்கியது.

“கவலையை விடுங்க அண்ணி, பேனலை விரிச்சா மதியத்துக்குள்ள ரொப்பிடும்.”

விரித்தான். மடக்குப் பலகை, நாலு மடிப்பு, பின்னால் முட்டுக்கால். அதை இலவசமாக அனுப்பிய கம்பெனியின் பெயர் மேல் ஓரத்தில் பெரிதாக இருந்தது. மந்திரி ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி அதன் வழியாகப் பார்த்தான். என் கணவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். பேரு தெரியல. வெயில் பட்டுக் கண்ணு கூசுது. இன்னும் திருப்பு. ஆங்! அப்படியே வை. அசைக்காதே.”

வெயில் பலகையின் முதுகில் அடித்தது. முகம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன். வருவது என்ற இடத்தில் ஒன்பது வாட். என் லேப்டாப்புக்குக்கூடப் போதாது.

“தம்பி, பேனல் சூரியனைப் பார்க்கல.”

“பார்க்குது அண்ணி.”

“முதுகால பார்க்குதா?”

“பரவுன வெளிச்சம்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல். உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

கரண்ட் போனால் எந்த ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனப்பாடமாக வைத்திருப்பது என் பிழைப்பு. அதை அவனுக்கு ஞாபகப்படுத்தாமல் எழுந்து போய்ப் பலகையைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினேன். ஒன்பது சட்டென்று நூறைத் தாண்டியது. நிம்மதியாக உள்ளே போய்ச் சேலை மாற்றி, தலை வாரி, கேட்கக்கூடிய கேள்விகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பலகை மறுபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், வேனின் நிழலில் நாற்காலி போட்டு மந்திரி உட்கார்ந்திருந்தான். நிழலில் முகம் கறுப்பாகத் தெரியுமென்று ஒரு வட்ட விளக்கு. அது பெட்டியில் சொருகப்பட்டிருந்தது. மிச்சம் ஆறு சதவீதம்.

“என்ன இது?”

“லைவ் அண்ணி. கம்பெனிக்காரங்களும் பார்க்கப்போறாங்க. ஏற்கனவே அறிவிச்சாச்சு.”

“என் இன்டர்வியூவும் அறிவிச்சாச்சு. இன்னும் அரை மணி நேரம்கூட இல்ல.”

அவன் என்னைப் பரிவோடு பார்த்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. “நாளைக்கு மாத்திக்கச் சொல்லுங்க அண்ணி. இயற்கையோட இருக்கேன்னு சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. ஒண்ணு சொல்லவா? இந்த வயசுல பதவியெல்லாம் எதுக்கு? இந்தத் தண்ணியைப் பாருங்க. இதைவிட என்ன வேணும்?”

அவனுக்கு நாற்பது வயதில் ஹேர் டிரையர் வேண்டும், டிரோன் வேண்டும், வட்ட விளக்கு வேண்டும். எனக்கு மட்டும் தண்ணீர் போதும்.

குரலை அடக்கிக்கொண்டு சொன்னேன். “பெட்டியை வண்டி சாக்கெட்ல சொருகற வயர் இருக்கில்ல? எஞ்சினை ஓட விட்டா என் லேப்டாப்புக்குப் போதும்.”

நான் அவன் கழுத்தைக் கேட்டதுபோல் பதறினான். “டீசலா! டீசல்ல ஒரு யூனிட்கூட எடுக்க மாட்டேன்னு சேனல்ல சத்தியம் பண்ணியிருக்கேன்!”

“இங்க வந்து சேர்ந்தது எதுலப்பா?”

“அது பயணம் அண்ணி. இது மின்சாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.” கேமராவைப் பார்த்துத் திரும்பினான். முகத்தில் ஒரு ஞானக் களை வந்து உட்கார்ந்தது. “வணக்கம் நண்பர்களே! நான் இப்போ சூரியனோட மடியில உட்கார்ந்திருக்கேன்...”

உட்கார்ந்திருந்தது வேனின் நிழலில்.

வண்டிச் சாவி என் கணவரிடம் இருந்தது. வழி நெடுக ஓட்டியவர் அவர்தான். அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து தம்பி விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வசனம் ‘விடும்மா’. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். என் சேலையைப் பார்த்தார். பெட்டியின் திரையைப் பார்த்தார். அது நாலு என்றது. பையில் கைவிட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

விளக்கின் பிளக்கைப் பிடுங்கினேன். பேனலின் வயரையும் பிடுங்கினேன். அது இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். பெட்டியைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, வண்டி சாக்கெட்டில் சொருகினேன். சாவியைத் திருப்பியதும், அவன் சத்தியம் பண்ணி ஒதுக்கிய எஞ்சின் நன்றாக உரக்கவே பேசியது.

“அண்ணி! லைவ்! அண்ணி, லைவ்ல இருக்கேன்!”

இருக்கட்டும். வேன் நகர்ந்தது. உள்ளே காபி மெஷின் கீழே விழுந்து உருண்டது. நிழல் விலகிய இடத்தில் வெயில் மந்திரியின் முகத்தில் நேராக விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் வீடு, ஆபீஸ், சர்டிபிகேட் எல்லாம் கிளம்பிப் போவதைக் கம்பெனிக்காரர்கள் உட்பட எல்லோரும் நேரலையில் பார்த்தார்களாம். ‘அண்ணா, வண்டி போகுது’ என்று திரை முழுக்க எழுதினார்களாம்.

அடுத்த வளைவில் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. லேப்டாப்பைச் சொருகினேன். வருவது போவதைவிடக் கூடுதல் என்று திரை சொன்னது. மடக்கு மேஜையை விரித்து, மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொள்வதற்குள் மூன்று முகங்கள் தோன்றின.

“அது என்னங்க சத்தம்?” என்றார் நடுவில் இருந்தவர்.

“எஞ்சின் சார். இங்க கரண்ட் இல்ல. வண்டியை ஓட விட்டு எடுத்துக்கிட்டிருக்கேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரத்த வகைகள், சேமிப்பு வெப்பநிலை, வீணாகும் பைகள் என்று கேள்விகள் வந்தன. எல்லாம் கைபழகியவை. கடைசியில் ஓரத்தில் இருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: “ரத்த வங்கியில திடீர்னு கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் பாதி லோடுதான் தாங்கும். முதல்ல என்ன செய்வீங்க?”

“எதை நிறுத்தினா எந்த உயிருக்கும் ஒண்ணும் ஆகாதோ, அதைப் பிடுங்குவேன் மேடம். அது யாரோடதுன்னு பார்க்க மாட்டேன்.”

“பெரியவங்க யாராவது சத்தம் போட்டா?”

“போடட்டும் மேடம். சத்தத்துக்குக் கரண்ட் செலவாகாது.”

அவர் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

நான் திரும்பிப் போனபோது மந்திரி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தான். கோபத்தினால் பாதி, வெயிலினால் பாதி. என் கணவர் பலகையைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, எதிலும் சொருகப்படாத அதன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலை கிடைத்துவிட்டது. உத்தரவு வந்த அதே வாரம் மந்திரியின் புதிய வீடியோவும் வந்தது. தலைப்பு: ‘ஒரு பெண்ணின் கனவுக்காக என் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தேன்’. வேன் விலகிப் போகும் காட்சிக்கு உருக்கமான இசை. ‘என் சத்தியத்தைவிட என் அண்ணியோட எதிர்காலம் பெருசு’ என்று தொண்டை கமறச் சொல்கிறான். லட்சக்கணக்கான பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து என் அத்தை போன் பண்ணி, “இப்படி ஒரு கொழுந்தன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டீ” என்றார். நான் போனைக் கடித்துத் துப்பாமல் இருந்தது என் வளர்ப்பு.

நேற்று அவனே கூப்பிட்டான்.

“அண்ணி, உங்க ரத்த வங்கியில பவர் கட் ஆனா எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒரு வீடியோ எடுக்கலாமா? பெட்டியைக் கொண்டாறேன். அங்க சொருகி ஒரு அடிப்படை நிரப்பு மட்டும்...”

வாப்பா என்றேன். இங்கே ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது, சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கிறது. வாசலில் வெயில் தாராளமாக அடிக்கிறது. பலகையை விரித்துக்கொள்ளட்டும். கேமராவை மட்டும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன். அதற்கப்புறமாவது பலகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம்.