மூன்று மூட்டைகள்

...வெள்ளை தனி, சாயம் போகிறது தனி, கம்பளி தனி, இதில் என்ன தப்பு, பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் அப்படித்தானே துவைத்திருக்கிறாள், சேறும் சகதியுமாக மூட்டைகளைப் பார்த்ததும் கை தானாக அதைத்தான் செய்தது, சபையிலிருந்து இந்த வெள்ள முகாமுக்கு ஊழியம் செய்ய வந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள், அப்புறம் ஏன் இந்த மனிதர் கேட்டதிலிருந்து அது தப்பாகத் தெரிகிறது... சுவரோரம் மூன்று மூட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன, அது ஞாபகம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த கரையில் வேலியிலும் மரத்திலும் சிக்கிக் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர், இறக்கி வைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார். அவர் வைத்த விதத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லையே. ஆண்டவர் பேரில் கொடுக்கிற எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தார், அது போதாதா அவளுக்கு, மூன்றையும் தரையில் கொட்டி, கலந்து, பிரித்து, கொதிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே... பாட்டு வேறு! வீட்டுக்காரர் அன்றைக்கே கிண்டல் செய்தார், "நம்ம வீட்டுத் துணி கூடையில மலையா கிடக்கு, நீ ஊரார் துணியைத் துவைக்கக் கிளம்பிட்டியா?" மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். இப்போது அவர் இங்கே இருந்தால் தேவலை, என்ன சொல்வது என்று அவரையாவது கேட்கலாம்.

இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார், பேருந்து ஓட்டுநர், தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார், முழங்கால்வரை காய்ந்த சேறு. தண்ணீர் வந்த அன்று அவர் பக்கத்து ஊரில் வண்டியோடு மாட்டிக்கொண்டார், மனைவி வீட்டில் தனியாக. இப்போது வீடும் இல்லை, மனைவியையும் காணவில்லை. சற்று முன்னால் கஞ்சி வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணின் ஸ்வெட்டரைப் பார்த்துத்தான் அப்படியே நின்றுவிட்டார். சாம்பல் நிறம், ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு. "என் சம்சாரத்தோடதும்மா, அந்தப் பொத்தானை என் சீருடையில இருந்து பிச்சு நான்தான் தச்சேன், கோணலா இருக்கும் பாருங்க" என்றார், கோணலாகத்தான் இருந்தது. அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் குழந்தையை மேசையில் கிடத்தி ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். "சோப்பு வாசனைதான் வருது" என்றார், குற்றம் சொல்கிற குரலே இல்லை, கஞ்சியில் உப்பு குறைவு என்பது போலச் சொன்னார். அப்புறம் திருப்பிக் கொடுத்தார். "போட்டுக்கம்மா, பச்சைப் பிள்ளையை வச்சிருக்க, குளிரும்." திட்டியிருக்கலாம் அந்த மனிதர், நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள்... போய்ச் சேர்ந்த அம்மாவின் தலையணை உறையை வாசனை போய்விடும் என்று இவள் துவைக்கவில்லையே, பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாளே, தன் அம்மாவுக்கு ஒரு நியாயம், இவர் மனைவிக்கு ஒரு நியாயமா...

ஆனால் அவர் வாசனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "சிஸ்டர், பாலத்துக்கிட்ட கிடைச்சது ஒரு மூட்டை, மர டிப்போகிட்ட ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒண்ணுன்னு தீயணைப்புக்காரர் சொன்னாரு. இது எந்த மூட்டையில இருந்துச்சு? மண் அள்ற எந்திரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, சாயங்காலம் அதுவும் வேற ஊருக்குப் போகுதாம். அவளைத் தேடி எந்தப் பக்கம் தோண்டணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்." போதுமாம். இதைத் தொட்டது அவள் கைதான், கையில் வைக்கோல் குத்தியது, பொத்தானைப் பார்த்து யாரோ ஆண்பிள்ளை தைத்திருக்கிறான் என்று சிரித்ததுகூட நினைவிருக்கிறது, சிரிப்பு நினைவிருக்கிறது, மூட்டை நினைவில்லை... வைக்கோல் என்றால் டிப்போவா? டிப்போவில் மரத்தூள்தானே இருக்கும்? பாலத்தில் ஏது வைக்கோல், வெள்ளத்தில் எதுதான் எங்கே போகாது? கூடத் துவைத்தவர்களைக் கேட்டாள், ஒருத்தர் கையை விரித்தார், இன்னொருத்தர் கம்பளிக் குவியலைக் காட்டினார். கம்பளிக் குவியலிலிருந்துதான், அதில் சந்தேகமே இல்லை.

தெரியாது என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை. அதற்குள் பாஸ்டர் வந்துவிட்டார், விஷயத்தைக் கேட்டார், அவர் முகமும் வாடிப்போயிற்று, நல்ல மனுஷர், வேறு என்ன செய்வார், "ஜெபிப்போம்" என்று ஓட்டுநரின் தோளில் கை வைத்தார். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். அவள் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டாள், மூடியதும் எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது, அவர் கண்ணைப் பார்க்க வேண்டாம். காணாமல்போன அந்தச் சகோதரியை நினைத்தருளும் என்று பாஸ்டர் மன்றாடினார், அவள் வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் வேண்டினாள், ஆண்டவரே, இவர் இங்கிருந்து போய்விட வேண்டும், மறுபடி அதைக் கேட்கக் கூடாது... யாருக்காக ஜெபிக்கிறேன் நான்?

"பாலத்துப் பக்கம்தானே சிஸ்டர்?" காதருகே மெல்லிய குரல். அவர் கண்ணை மூடவே இல்லை போலிருக்கிறது. அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது, கேட்டபிறகும் ஆடியது, நிறுத்தியிருக்கலாம், நிறுத்த முடியவில்லையா, நிறுத்தவில்லையா... கண்ணைத் திறந்தபோது தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார், சேற்றில் வழுக்கி, சமாளித்து, பாலத்துப் பக்கமாக. கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? பாஸ்டர் ஆமென் என்றார், எல்லோரும் ஆமென் என்றார்கள், கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டாரே ஆண்டவர். நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றாள்.